அரைப் போத்தல் அரிஷ்டம்

மகன்,

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. குசினி அலுமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அரைப் போத்தல் அரிஷ்டம் இருக்கிறது. உன் மாமா கொண்டுவந்து வைத்தது. கொண்டுவரும்போது அது முழுப் போத்தல். மூடியைத் திறந்து, பாதியை என் கண் முன்னாலேயே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றினான், தண்ணீரைத் திறந்துவிட்டான். பிறகு போத்தலின் வாயில் விரலைத் தேய்த்து, அந்தக் கறுப்புத் தண்ணீரை லேபிளில் இரண்டு மூன்று இடத்தில் பூசினான். நெடுநாள் பாவித்த போத்தல் போலத் தெரிய வேண்டுமாம். "அக்கா, கோட்டிலை நீ ஓம் எண்டு ஒரு சொல் சொன்னால் காணும். மிச்சத்தைச் சட்டத்தரணி பாத்துக்கொள்ளுவார்" என்றான். சொல்லிவிட்டு, தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டான். கூடப்பிறந்தவன் என்பதால் போட்டுக் கொடுத்தேன். அவன் போன பிறகு தொட்டியை இரண்டு முறை உரஞ்சிக் கழுவினேன். ஜன்னலைத் திறந்துவைத்தேன். அந்த மணம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு முறை கறிக்குத் தூள் எடுக்க அலுமாரியைத் திறக்கும்போதும் எனக்குக் குமட்டுகிறது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நான் எடுத்தால், "அம்மா, வேலையிலை நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்கிறாய். பிறகு ஒரு சிவப்பு இதயம் அனுப்புகிறாய். அந்த இதயத்தை வைத்து நான் என்ன செய்வது? நாளை மறுநாள் புதன்கிழமை நீ லுசேர்னில் இருந்து ரயிலில் வந்து இங்கே படுத்துவிட்டு, வியாழன் காலை நாம் எல்லோரும் மாமாவின் காரில் நீதிமன்றம் போவதாகத் திட்டம். இன்று எனக்கு முதியோர் இல்லத்தில் காலை வேலை. முடித்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதை மடித்து உறைக்குள் போட மாட்டேன். குசினி மேசையில் விரித்து வைப்பேன். அப்பா வாசிக்கட்டும், மாமா வாசிக்கட்டும், யார் வந்தாலும் வாசிக்கட்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ அழுது அழுது போன காலம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு இன்றைக்குத்தான் எனக்குப் பயன் கிடைக்கிறது.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், ஆனாலும் கேள். உங்களுக்குள் இது பேசப்படுகிற விதத்தைப் பார்த்தால், நடந்தது என்ன என்பதே மறந்துவிட்டது போலிருக்கிறது. "அந்த அலுவல்" என்கிறார் அப்பா. "அந்தச் சின்னப் பிரச்சினை" என்கிறான் மாமா. மழை பெய்த ஒரு மாலையில் நீ குடித்துவிட்டுக் கார் ஓட்டினாய். ஆட்கள் வீதியைக் கடக்கிற மஞ்சள் கடவையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரை இடித்தாய். அவருடைய கால் உடைந்தது, இடுப்பு உடைந்தது. நான் ஒவ்வொரு நாளும் அப்படிப்பட்ட கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைக்கிறவள், மகன். அந்த வயதில் உடைந்த இடுப்பு திரும்ப எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கழிப்பறைக்குப் போக இன்னொருவரின் கையைக் கேட்க வேண்டும். முதலாவது வழக்கில் நீதிபதி உனக்குப் பதினான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை ஒத்திவைத்தார். ஒத்திவைத்ததற்கு ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் காலம் முடியும்வரை ஒரு துளி மது தொடக் கூடாது. நன்னடத்தை உத்தியோகத்தர் சொல்கிற நேரமெல்லாம் போய்ப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். நீ அழுதாய், நானும் அழுதேன். வெளியே நடைக்கூடத்தில் அந்தப் பெரியவர் பொல்லை ஊன்றி மெல்ல மெல்ல உன்னிடம் வந்தார். உன் கையைப் பிடித்து, இனிமேல் குடிக்காதே, உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான் என்றார். நீ சரி என்றாய். அன்றைக்கு உன் முகம் என் பிள்ளையின் முகமாக இருந்தது.

பிறகு வந்தது, பெரியபிள்ளையான உன் மாமாவின் மகளுக்குச் சாமத்தியவீடு. மண்டபம் பிடித்து, ஊஞ்சலுக்குப் பூச்சோடித்து, பெரிய கேக் வெட்டி எல்லாம் நடந்தது. எங்கள் கொண்டாட்டங்களில் உள்ளே ஆலாத்தி எடுக்கும் நேரத்தில் ஆம்பிளைகள் பாதிப்பேர் மண்டபத்தில் இருக்க மாட்டார்கள். கார்த் தரிப்பிடத்தில் யாருடையவாவது டிக்கி திறந்திருக்கும். அதைச் சுற்றிக் கடதாசிக் கோப்பைகளோடு கோட் சூட் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சுவிஸுக்கு வந்து நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஒரே சடங்கு அதுதான். பூத்தட்டு ஒன்றை எடுக்க நான் காருக்கு வந்தேன். மாமாவின் டிக்கிக்குப் பக்கத்தில் நீ நின்றாய், உன் கையிலும் கோப்பை. நான் நேரே வந்து அதை உன் கையிலிருந்து வாங்கிக் கீழே சல்லிக்கல்லில் ஊற்றினேன். எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு கோப்பைக்கு என்னக்கா, கலியாண வயசு வந்த பெடியன்" என்றான் மாமா. அவர்கள் சிரித்தது எனக்குப் புதிதல்ல. நீயும் சேர்ந்து சிரித்தாய், அதுதான் என்னைச் சுட்டது. தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு காரில் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். நீ பின் சீற்றில் மின்ட் மென்றுகொண்டு வந்தாய்.

அந்தக் கிழமையே உன்னைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். மது இருக்கிறது என்று முடிவு வந்தது. நன்னடத்தை உத்தியோகத்தர் நிபந்தனை மீறல் என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அவர் தன் வேலையைச் செய்தார், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வரவேற்பறையில் நடந்த கூட்டத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீயும் இருந்தாய், தலையைக் குனிந்து போனை நோண்டிக்கொண்டு. அப்பா இன்டர்லாக்கன் ஹோட்டல் குசினியில் இருந்து வேலை உடுப்போடு வந்து அப்படியே சோபாவில் இருந்தார். ஒத்திவைத்ததை எடுத்துவிட்டால் நேரே மறியல், சிறைக்கதவுதான், அதற்குப் பிறகு குடிவரவு அலுவலகம் இங்கே நிரந்தரமாக இருக்கவிடுகிற சி பெர்மிட்டைத் தோண்டும் என்றான் மாமா. இங்கே பிறந்த உனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை எடு எடு என்று நான் சொன்னபோதெல்லாம், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாய். "பிள்ளைக்குக் கொழும்பிலை எந்தப் பஸ்ஸிலை ஏறுறது எண்டும் தெரியாது" என்றார் அப்பா. அவருக்குக் குரல் உடைந்தது. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்போதுதான் உன் மாமாவுக்கு அந்த அரிய யோசனை வந்தது. "அரிஷ்டத்திலை அற்ககோல் இருக்குத்தானே? சளிக்கு அம்மா குடுத்தவ எண்டு சொல்லுவம். அவங்களுக்கு எங்கடை வைத்தியம் தெரியாது. கலாசாரம் எண்டால் வாயைத் திறக்க மாட்டாங்கள்." அப்பா நிமிர்ந்து பார்த்தார். நீ போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாய். எல்லோருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம். டிக்கியைத் திறந்து உனக்கு ஊற்றிக் கொடுத்தவன் அவன். அவனுடைய பெயர் வெளியே வராமல் இருக்க ஒரு பெயர் தேவைப்பட்டது, அதற்கு என் பெயர் அகப்பட்டது. நான் முடியாது என்றேன். "நீ ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஓம் எண்டு மட்டும் சொல்லு" என்றார் அப்பா. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான். நான் எழும்பிப் போய் உடுப்புக் காயப்போட்டேன். நான் மறுமொழி சொல்லாததை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அடுத்தது சட்டத்தரணியின் அறை. நல்ல மனிதர், கண்ணாடி மேசை, எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் முதியோர் இல்லத்தில் இத்தனை வருடம் இந்த நாட்டு மொழியான டொய்ச் கேட்டு டொய்ச் கதைத்து வாழ்கிறவள் என்பதை அவரும் யோசிக்கவில்லை, நீயும் யோசிக்கவில்லை. அம்மா தமிழில் சொன்னால்தான் இயல்பாக இருக்கும் என்று நீயே மொழிபெயர்க்க உட்கார்ந்தாய். அவர் ஒருமுறைகூட "இது நடந்ததா?" என்று கேட்கவில்லை. "இப்படி நடந்திருக்க முடியுமா?" என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விக்கும் இடையில் இருக்கிற தூரத்தில்தான் அவருக்குச் சம்பளம். எத்தனை கரண்டி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மகனுக்கு அதற்குள் மது இருப்பது தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீ ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொன்னாய். நான் வாயைத் திறக்கும் முன்னரே அவருக்கு டொய்ச்சில் மறுமொழியும் சொன்னாய். "இரண்டு கரண்டி என்கிறார் அம்மா." நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, மகன். உன் பக்கத்தில் இருந்து, நீ என் வாயால் கதைப்பதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தடங்கல் இல்லாமல், குரல் மாறாமல் சொன்னாய்.

எங்களோடு வந்திருந்த மாமா போத்தலை அவருடைய மேசையில் வைத்தான். சட்டத்தரணி போனில் படம் எடுத்தார். லேபிளில் ஒரு தாயும் மடியில் ஒரு குழந்தையும் வரைந்திருக்கிறது. அவர் அந்தப் படத்தைத் தொட்டு, இது நல்லது, தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து என்று பார்த்தவுடனேயே விளங்குகிறது என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் அந்த லேபிளை வாசித்தேன். மாமா சூரிச் தமிழ்க் கடையில் அரிஷ்டம் என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அது பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுக்கிற அரிஷ்டம், மகன். உன்னைப் பெற்றபோது நானும் குடித்த சாமான். பிரசவித்த தாய்மார் வயிறு ஆறக் குடிப்பதை, மீசை வைத்த என் மகன் சளிக்குக் குடித்தான் என்று ஒரு நீதிமன்றத்தின் கோப்பில் இப்போது படத்தோடு இருக்கிறது. நான் தனியே இருந்து சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மாமாவிடம் போனில் சொன்னேன், அவனுக்கு வெட்கம் வரவில்லை. "அதை ஆரக்கா வாசிக்கப் போறாங்கள்" என்றான்.

அவன் சொன்னது சரியா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. வியாழக்கிழமை என்னை நிறுத்தப்போகிற இடம் எப்படிப்பட்டது என்றும் எனக்குத் தெரிய வேண்டும். அதனால் போன கிழமை எனக்கு லீவு நாளில், ஒருவருக்கும் சொல்லாமல், பஸ் எடுத்து நீதிமன்றத்துக்குப் போனேன். இந்த நாட்டில் வழக்கு யாரும் பார்க்கலாம். வாசலில் இருந்தவர் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, உங்களுக்கு இங்கே ஆர் இருக்கினம் என்று கேட்பது போலப் பார்த்தார். நான் பின் வாங்கில், கடைசி வரிசை இருக்கையில், போய் இருந்தேன். அன்றைக்கு நிபந்தனை மீறினவர்களின் வழக்குகள்தான் ஒன்றின்பின் ஒன்றாக இருந்தன.

முதலில் ஒருவன். சிறைக்குப் பதிலாகக் காலில் மின்னணுப் பட்டி கட்டி வீட்டில் இருக்கவிடப்பட்டவன். வெளியே போகக் கூடாத நேரத்தில் போய்விட்டான். உள்ளே கூப்பிடும் முன்னர் அவனுடைய சட்டத்தரணியும் வழக்குத்தொடுநரும் நடைக்கூடத்தில் கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கதைத்ததை நான் வரும்போதே பார்த்தேன். பனிச்சறுக்கைப் பற்றியும் கதைத்தார்கள், இவனைப் பற்றியும் கதைத்தார்கள். உள்ளே போன பிறகு, அங்கே முடிந்ததை இங்கே வாசித்தார்கள். திடீரென்று வருத்தம், மருந்துக்கடைக்குப் போனான், இதோ டொக்டரின் கடிதம். ஆட்சேபணை இல்லை என்றார் வழக்குத்தொடுநர். எச்சரிக்கை என்றார் நீதிபதி. எழும்பினார்கள், இருந்தார்கள், முடிந்தது. அவனை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எந்த மருந்து, எந்தக் கடை என்றுகூடக் கேட்கவில்லை. என் வாங்கைத் தாண்டி வெளியே போகும்போது அவன் தன் கூட்டாளியிடம், தான் வெளியே போன அன்றைய ஃபுட்போல் மேட்ச் நல்ல மேட்ச் என்று சொல்லிச் சிரித்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இப்படித்தான் முடியும் என்றால் என் பிள்ளையும் தப்பிவிடுவான் என்று நெஞ்சு சொன்னது. அடுத்த நிமிடம் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. அந்த அறையில் ஒரு பொய்யைப் பிடிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை. பொய் இருந்தால் எல்லோருக்கும் வேலை சுலபம். அவர்கள் பொய்யை நம்புகிறார்கள் என்று நினைக்காதே, மகன். கடிதம் ஒன்று இருக்கிறது, கோப்பை மூடலாம், அவ்வளவுதான்.

பிறகு ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். உனக்குப் போட்ட அதே நிபந்தனை, அதே மீறல். முன்னரும் ஒருமுறை எச்சரிக்கப்பட்டவளாம். அவளுடைய சட்டத்தரணி ஏதோ மருந்தின் பெயர் சொல்லத் தொடங்கினார். அவள் எழும்பி, இல்லை, நான் குடித்தேன், தெரிந்துதான் குடித்தேன் என்றாள். சட்டத்தரணி அவளுடைய கைச்சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அன்றைக்கு முதன்முதலாக ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தார். எங்கே, யாரோடு, எதற்காக, இப்போது எப்படி இருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னாள். கடைசியில், ஒத்திவைத்த தண்டனையை இனி அனுபவிக்க வேண்டும் என்றுதான் தீர்ப்பு வந்தது; எந்த நாள் உள்ளே போவது என்று பிறகு கடிதம் வருமாம். நான் உனக்குப் பொய் சொல்ல விரும்பவில்லை, உண்மை சொன்னவளுக்கு மறியல்தான் கிடைத்தது. கழிப்பறையில் அவள் முகம் கழுவிக்கொண்டு நின்றாள். நான் கடதாசித் துவாய் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு எந்த பஸ் என்று கேட்டாள். நானும் அதே பஸ்தான், வா என்றேன். பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தோம். தன் தாய்க்குப் போன் எடுத்து, எல்லாவற்றையும் நான் கேட்கக் கேட்கச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. பெற்றவளுக்கு என்ன ஒரு போன் அது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீ இப்போது கேட்பாய், நான் மறியலுக்குப் போவது உனக்கு ஆசையா என்று. இல்லை. நீ மறியலுக்குப் போனால் என் சோறு எனக்கு இறங்காது. ஆனால் வியாழக்கிழமை அந்தப் போத்தல் வென்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாயா? மாமா தோளில் தட்டுவான். அடுத்த கொண்டாட்டத்தில் டிக்கி திறக்கும். இந்த முறை உனக்குப் பயமே இருக்காது, அலுமாரியில் அம்மாவின் பெயரில் ஒரு போத்தல் இருக்கிறதே. இன்னொரு மழை, இன்னொரு மஞ்சள் கடவை. அப்போது அங்கே நடப்பது பெரியவராக இருக்காமல் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தால், அந்த இரத்தத்தில் என்னுடைய "ஓம்" இருக்கும். உன்னைக் காப்பாற்றுகிறோம் என்று இவர்கள் சொல்வது எனக்கு அதனால்தான் வெறுப்பாக இருக்கிறது. உன் குடியைத்தான் இவர்கள் காப்பாற்றுகிறார்கள். அத்தோடு இன்னொன்று. நாளைக்கு இங்கே வேறு ஒரு தமிழ்த் தாய் உண்மையாகவே தன் பிள்ளைக்கு ஏதோ மருந்து கொடுத்திருப்பாள். அவள் போய் அழுது சொல்லும்போது, ஓ, தமிழரின் போத்தல் என்று சிரிப்பார்கள். கலாசாரம் கலாசாரம் என்று மேடையில் கத்துகிறவர்கள், அதைக் கொண்டுபோய்ச் சிறுநீரை மறைக்கப் பாவிக்கிறார்கள். சீ.

நான் உன்னைக் கைவிடவில்லை, அதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நீ உள்ளே போனால் பார்க்க விடுகிற ஒவ்வொரு நாளும் வருவேன். வேலை முடிந்த உடுப்போடு என்றாலும் வருவேன். குடியை விடுவதற்கு ஆஸ்பத்திரி, டொக்டர் என்று எங்கே போக வேண்டுமோ, வாசல்வரை அல்ல, உள்ளே வந்து உன் பக்கத்தில் இருப்பேன். பெர்மிட் போய், உன்னை அனுப்புகிறோம் என்று ஒரு நாள் சொன்னால், நானும் பெட்டியைக் கட்டுவேன். எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று உனக்குக் காட்டுவதற்கு அங்கே ஆள் இருக்கும். அப்பாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர் பல்கனியில் போய் நின்றார். நீ என்னிடம் எதையும் கேட்கலாம், மகன். என் வாயை மட்டும் கேட்காதே.

இனி வியாழக்கிழமை நடக்கப்போவதைச் சொல்கிறேன். சட்டத்தரணி ஒரு விசயம் சொன்னார், நீ அதை எனக்கு மொழிபெயர்க்காமல் விட்டாய். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பெற்ற தாய் தன் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்க இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. விருப்பமில்லையென்றால் பேச வேண்டாம், பேசினால் உண்மையைத்தான் பேச வேண்டும் என்று நீதிபதியே எனக்கு முதலில் சொல்லுவாராம். தாய் பேசாமல் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது, அதனால் அம்மா பேசத்தான் வேண்டும் என்று சட்டத்தரணி சொன்னார். அந்த உரிமை இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதை நான் உனக்காக வைத்திருக்கிறேன். நீ எழும்பி, நான் குடித்தேன் என்று சொன்னால், அதற்குப் பிறகு என்னிடம் என்ன கேட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன். யார் ஊற்றினது, எத்தனை கோப்பை, முன்னரும் குடித்தானா என்று ஒன்றும் என்னிடமிருந்து வராது. உன்னைப் பற்றி ஒரு கெட்ட சொல் பெற்றவளின் வாயிலிருந்து அந்தக் கோப்புக்குள் போகாது. ஆனால் நீ எழும்பி, அம்மா அரிஷ்டம் தந்தவ என்று சொன்னால், நான் இல்லை என்பேன். தமிழில் சொல்ல மாட்டேன், மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்க மாட்டேன். டொய்ச்சிலேயே சொல்லுவேன்.

மாமாவின் காரில் நான் வரவில்லை. அந்த டிக்கிக்கு முன்னால் இருக்கிற சீற்றில் எனக்கு இருக்க ஏலாது. எனக்கு பஸ் தெரியும், உனக்கும் என்னோடு வர விருப்பமென்றால் காலையில் வெள்ளனவே எழும்பு. போத்தலைத் தேட வேண்டாம். நீ வரும்போது அது அலுமாரியில் இருக்காது. கீழ் வீட்டு இளம்பெண்ணுக்குப் போன கிழமை குழந்தை கிடைத்தது. தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாத பிள்ளை. இதை எழுதி முடித்துவிட்டு அவளிடம் இறங்கப் போகிறேன். மாமா விரல் வைத்துத் தேய்த்த போத்தலை அவளுக்குக் கொடுக்க மாட்டேன், அது குப்பைக்குப் போகிறது. அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், மூடி திறக்காதது. குடிக்க வேண்டியவள் குடிக்கட்டும்.

புதன்கிழமை இரவுக்கு உனக்குப் பிடித்த கணவாய்க் கறி வைப்பேன். சாப்பிடும்போது நான் இதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன், நீ பயப்படாமல் சாப்பிடு. கேட்கிறவர் மறுநாள் கேட்பார். அங்கே ஒழுங்கு எப்படி என்று நான் பின் வாங்கில் இருந்து பார்த்து வைத்திருக்கிறேன். உன்னைத்தான் முதலில் கேட்பார்கள்.

அம்மா